கியூப் கட்டில்

பதினோரு வருடம் வீட்டில் இருந்த பிறகு ஜுனைதாவுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்தது. சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலத்துக்குள்ளேயே அந்த வேலை அவள் பிராணனை வாங்கத் தொடங்கிவிட்டது.

அவள் ஊரான புதுமடத்தில் அவள் வயதுப் பெண்களில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. வேலைக்குப் போனவள் அவள் ஒருத்திதான். சென்னையில் மூன்று வருடம் டெஸ்டிங் பார்த்தாள். அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று துருவிக் கண்டுபிடிக்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. பிறகு நிக்காஹ், மகள், மாமனாருக்கு வந்த பக்கவாதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, 'இந்த ஒரு வருஷம் மட்டும்' என்பது பதினோரு வருடமாகிவிட்டது. மகள் ஆறாம் வகுப்புப் போனதும் திரும்ப விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். ஆறு கம்பெனிகள் அந்தப் பதினோரு வருடத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டன. ஏழாவது, கோயம்புத்தூரில் முப்பது பேர் இருக்கிற ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் டோக்கன் போடுகிற மென்பொருள் அவர்களுடையது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு அவளுடைய டீம் லீட் மாலதியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 'கியூப்சிடிஎல் இன்ஸ்டால் செய்யவும். நம் கிளஸ்டரில் ஓடும் பாட்களின் பட்டியலை எடுத்து இந்த மெயிலுக்குப் பதிலாக ஒட்டவும். பத்து நிமிட வேலை. இது முடித்தவர்கள் மட்டும் வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வரலாம்.'

அவள் வேலை பார்த்த காலத்தில் இதெல்லாம் கிடையாது. யூடியூபில் நாலு வீடியோ பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். மென்பொருளை இப்போது ஒரே இயந்திரத்தில் போட்டு ஓட்டுவதில்லை. துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டிகளைப் பல இயந்திரங்களில் பரப்பி ஓட்டுகிறார்கள். பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர். அப்படி ஓடுகிற பெட்டிதான் மெயிலில் சொன்ன பாட். இயந்திரக் கூட்டத்துக்குப் பெயர் கிளஸ்டர். இவர்களுடைய கூட்டம் மும்பையில் எங்கோ இருக்கிறது. எந்தப் பெட்டி ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று இங்கிருந்து விசாரிக்கவும், எழுப்பி விடவும் ஒரு கருவி வேண்டும். பட்டன் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பதிலும் ஒரு வரியாக வரும். அந்தக் கருவிதான் கியூப்சிடிஎல். அதன் பெயரைக்கூட ஒழுங்காக யாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஒரு வீடியோவில் கியூப் கண்ட்ரோல் என்றார்கள். இன்னொன்றில் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னார்கள். மாலதி அதை 'கியூப் கட்டில்' என்றாள்.

கம்பெனி லேப்டாப் வர ஒரு வாரம் ஆகும் என்றதால், தம்பி தவ்ஃபீக் போன லீவில் சவூதியில் தம்மாமிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் அடுப்படி ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். போனை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, அந்தக் கோப்பை இறக்கினாள். எண்பத்திரண்டு சதவீதத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து. அறுபதில் நின்றது. மூன்றாவது தடவை தொண்ணூற்றாறு வரைக்கும் வந்து, மாமியாருக்கு யாரோ போன் போட, அந்த அழைப்பு அவள் போனுக்கு வந்து, இணையம் அறுந்தது.

"மாமி, ஒங்க போனுக்குக் கூப்பிடச் சொல்லுங்களேன்!"

"என் போன்ல சார்ஜ் இல்ல புள்ள. அதுக்கு ஏன் இப்புடிக் கத்துற?"

நாலாவது முறை இறங்கியது. கறுப்புத் திரையைத் திறந்து கருவியின் பெயரைத் தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது கம்ப்யூட்டர். இப்போதுதான் இறக்கினேன், இதோ கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கிடையாது என்கிறாயே என்று பல்லைக் கடித்தாள். அரை மணி நேரம் தேடிய பிறகு விஷயம் பிடிபட்டது. கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். பாத் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் அந்த இடத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தாள். அப்போதும் கிடையாது என்றது. பழைய கறுப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தால்தான் மாற்றம் தெரியும் என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு முக்கால் மணி நேரம். இதில் ஒன்றைக்கூட மாலதியின் மெயில் சொல்லவில்லை. 'மீன் ஆணம் காய்ச்சவும்' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு அதற்குப் பெயர் சமையல் குறிப்பு என்றால் எப்படி?

சாயங்காலம் நாலு மணிக்குக் கருவி வேலை செய்தது. ஆனால் மும்பைக்குள் விடமாட்டேன் என்றது. மாலதி வீடியோ அழைப்பில் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காதில் ஹெட்போன், கையில் டீ.

"உங்க கட்டில் வெர்ஷன் என்னங்க வருது?"

"கட்டில் சரியாத்தான் இருக்குங்க. கட்டில் உள்ள போகத்தான் மாட்டேங்குது."

"கட்டில் கான்ஃபிக் ஃபைல் போட்டீங்களா?"

"போட்டேன். கட்டிலுக்கு அது தெரியல."

முக்கால் மணி நேரம் இதுவே பேச்சு. கிளஸ்டரின் முகவரி எழுதியிருந்த அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னால் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாலை ஒட்டி வைத்திருந்தது. அதை வெட்டியதும் அடுத்த கதவுக்கு வந்தார்கள். அங்கே 'உங்கள் டோக்கன் காலாவதியாகிவிட்டது' என்று வந்தது. கிளஸ்டருக்குள் நுழைய ஒரு மணி நேரம் மட்டும் செல்லுபடியாகிற அனுமதிச் சீட்டு அது. மாலதிதான் போட்டுத் தர வேண்டும்.

"நான் அனுப்பி ரெண்டு நிமிஷம்தான ஆச்சு? சரி, நாளைக்குப் பாக்கலாம்ங்க. முடியலன்னாலும் டென்ஷன் ஆகாதீங்க. உங்கள மேனுவல் டெஸ்டிங் பக்கம் மாத்திக்கலாம். அங்க இதெல்லாம் வேண்டியதில்ல."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான், முடியாதவள் என்று ஒதுக்கி வைப்பது போல, ஜுனைதாவைக் குத்தியது.

மறுநாள் காலை எட்டரைக்கு வாசலில் தச்சு ஆசாரி தங்கசாமி நின்றார். கையில் அளவு டேப், காதில் பென்சில்.

"எந்த ரூமுக்கும்மா கட்டிலு? தேக்கா, வேம்பா?"

ஜுனைதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் பின்னாலிருந்து வந்தாள்.

"நாந்தேன் வரச் சொன்னேன். நேத்து பூரா கட்டில் சரியில்ல, கட்டில் உள்ள போகலன்னு யார்ட்டயோ அழுதுக்கிட்டுக் கெடந்தியே. வாசல் சின்னதா இருந்தா இங்கனயே வச்சு அடிச்சிரலாம்ல? அதுக்கு எதுக்குக் கோயம்புத்தூர்க்காரி?"

"மாமி... அது மரக்கட்டில் இல்ல மாமி."

"அப்ப இரும்பா?" என்றார் தங்கசாமி. "இரும்பு நம்ம செய்யிறதில்லம்மா. கடக்காத்துக்குத் துருப்புடிச்சுரும்."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அழுகைதான் வந்தது. ஏனென்றால் ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை பராமரிப்புக்காக கரண்ட் கிடையாது என்று முந்தின நாளே அறிவிப்பு வந்திருந்தது. தவ்ஃபீக்கின் லேப்டாப் பேட்டரி இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. தங்கசாமிக்கு ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டு, லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கணவன் ஹமீதின் பைக்கில் பின்னால் ஏறினாள்.

ஹமீது பக்கத்து ஊரான மண்டபத்தில் நண்டு வாங்கி அனுப்புகிற ஒரு கம்பெனியின் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறான். அங்கே ஜெனரேட்டர் உண்டு. ஆபீஸ் ரூம் என்று தகரத்தால் தடுத்த ஒரு மூலையும் உண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து, அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம், ஐஸ் பெட்டிகளை இழுக்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே நண்டு வாசம். ஆனால் போனில் முழுசாக நாலு கோடு சிக்னல் நின்றது. ஜுனைதாவுக்கு அதுவே போதும்.

மாலதி காலையில் முதல் டோக்கனை அனுப்பினாள். ஜுனைதா ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் போட்டாள். காலாவதி. இரண்டாவது அனுப்பினாள். காலாவதி. மூன்றாவதை மாலதி அழைப்பில் இருக்கும்போதே போட்டாள். காலாவதி.

"ஜுனைதா, எனக்கு இங்க உடனே வேலை செய்யுதுங்க. நீங்க பழைய டோக்கனையே காப்பி பண்றீங்களோ?"

"இல்லங்க. புதுசுதான்."

"கொஞ்சம் கவனமாப் பாருங்க. வீட்ல யாராவது டெக்னிக்கலா இருக்காங்களா, கூட உக்காந்து பாக்க?"

வீட்டில் டெக்னிக்கலாக இருக்கிற ஆள் நான்தானடி என்று வாய்வரைக்கும் வந்தது. "பாக்குறேங்க" என்று சொல்லி வைத்தாள்.

தம்மாமில் இருக்கிற தவ்ஃபீக்குக்குப் போன் போட்டாள். அவன் வேலைக்குப் போகிற வேனில் இருந்தான்.

"லாத்தா, ஒரே வழிதான். ஃபார்மேட் அடிச்சிரு."

"அடிச்சா?"

"எல்லாம் போயிரும். அப்பறம் எல்லாத்தையும் முதல்ல இருந்து போடு. சரியாப் போச்சுன்னா சரி."

"சரியாப் போகலன்னா?"

"இன்னொரு தடவ அடி" என்றான். அவள் போனைத் துண்டித்தாள்.

தடுப்பின் இடைவெளியில் எட்டிப் பார்த்த கலைச்செல்வி, அங்கே நண்டு உடைப்பவர்களில் ஒருத்தி, "என்னக்கா, மிசினு மக்கர் பண்ணுதா?" என்றாள்.

"மிசினு நல்லாத்தேன் இருக்கு. நாந்தேன் மக்கராம்."

"அப்புடியா சொன்னாக? சொன்ன ஆள இங்கன கூட்டிட்டு வாக்கா. ஒரு கூடை நண்டக் குடுத்து உக்கார வப்போம். ஓடு இல்லாம சதைய எடுக்கட்டும் பாப்போம்."

ஜுனைதாவுக்கு இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. கூடவே தன்மேல் ஒரு எரிச்சலும் வந்தது. இரண்டு நாளாக மாலதி சொன்னதை, தவ்ஃபீக் சொன்னதை, யூடியூபில் யாரோ சொன்னதை எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. சென்னையில் மூன்று வருடம் அவள் என்ன செய்தாள்? யார் என்ன சொன்னாலும் கேட்காமல், திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்து விடாமல் படித்தாள். இந்த இரண்டு நாளில் அதை மட்டும் செய்யவில்லை. 'காலாவதி' என்ற வார்த்தையைப் பார்த்ததும் ரத்தம் கொதித்து, மிச்சத்தைப் படிக்காமலே விட்டிருக்கிறாள்.

நாலாவது டோக்கன் பதினொன்று எட்டுக்கு வந்தது. பதினொன்று பதினாலுக்குப் போட்டாள். காலாவதி. இந்த முறை, ஹமீது நண்டு எடை எழுதும் நோட்டில் பின்பக்கத்தைத் திருப்பி, அந்தப் பிழைச் செய்தி முழுவதையும் கையால் எழுதினாள். மூன்று வரி. அதில் இரண்டு நேரம் இருந்தது. டோக்கன் முடிகிற நேரம் ஆறு முப்பத்தெட்டு. இப்போதைய நேரம் எட்டு பதினாலு.

இவ்வளவு நேரமும் அந்த எண்களை அவள் பார்க்காமல் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணியும் திரையில் வேறு ஏதோ இரண்டு எண்களுமாக இருந்ததால் அர்த்தமில்லாத எண் என்று தாண்டிப் போயிருந்தாள். இப்போது நின்று பார்த்தாள். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உலகப் பொது நேரத்தில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். பதினொன்று எட்டில் ஐந்தரை போனால் ஐந்து முப்பத்தெட்டு. ஒரு மணி நேரம் கூட்டினால் ஆறு முப்பத்தெட்டு. சரி, டோக்கன் சரி. இப்போது மணி பதினொன்று பதினாலு. ஐந்தரை போனால் ஐந்து நாற்பத்து நாலு. ஆனால் இந்த லேப்டாப் எட்டு பதினாலு என்கிறது.

எட்டு பதினாலில் ஐந்து நாற்பத்து நாலு போனால், இரண்டரை மணி நேரம்.

அந்த இரண்டரை மணி நேரத்தை அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அவள் அத்தா இருபது வருடம் சவூதியில் இருந்தார். இப்போது தவ்ஃபீக். இங்கே பகல் பன்னிரண்டரைக்கு லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அங்கே காலை பத்து மணி, டீ குடிக்கிற நேரம், போன் எடுப்பார்கள். புதுமடத்தில் எந்தப் பெண்ணை எழுப்பிக் கேட்டாலும் சவூதிக்கு இரண்டரை, துபாய்க்கு ஒன்றரை என்று யோசிக்காமல் சொல்வாள்.

திரை ஓரத்தில் இருந்த கடிகாரத்தைச் சொடுக்கினாள். மணி பதினொன்று பதினாறு என்று சரியாகத்தான் காட்டியது. கீழே சின்ன எழுத்தில் ஊர் இருந்தது. ரியாத்.

தவ்ஃபீக்குக்கு மறுபடி போட்டாள்.

"ஏலே, போன லீவுல இங்க வந்தப்ப லேப்டாப்ல மணிய மாத்துனியா?"

"ஆமா லாத்தா. சவூதி டைம் காட்டுச்சு. ரெண்டரை மணி நேரம் தள்ளி வச்சேன்."

"ஊர மாத்தலையா?"

"ஊர எதுக்கு மாத்தணும்? மணிதான தப்பு?"

சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளுகிற மாதிரி தள்ளி வைத்திருக்கிறான். லேப்டாப் இன்னும் தான் ரியாத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. ரியாத்தில் பதினொன்றே கால் என்றால் உலகப் பொது நேரம் எட்டே கால். மாலதி எத்தனை புது டோக்கன் கொடுத்தாலும், இந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை அது ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே செத்துப்போன டோக்கன். அவள் தம்பியைத் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் இன்றைக்கு முடிக்க முடியாது. ரியாத்தை எடுத்துவிட்டு இந்தியாவைப் போட்டாள். மணியைச் சரி செய்தாள். அதே நாலாவது டோக்கன், இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் உயிர் இருக்கிறது. பாட்களைக் காட்டு என்று தட்டினாள்.

ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு கறுப்புத் திரையில் வரிசையாக இறங்கியது. இருபத்து மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, ஓடுகிறது, ஓடுகிறது, ஓடுகிறது. ஒன்று மட்டும் நாலு முறை விழுந்து எழுந்திருந்தது. மும்பையில் முகம் தெரியாத இயந்திரங்கள், மண்டபத்தில் நண்டுக் கொட்டகைத் தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவளுக்குப் பதில் சொல்லின. ஜுனைதா நாற்காலியில் பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பட்டியலை ஒட்டி, காரணத்தையும் எட்டு வரியில் விளக்கி மாலதிக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மஞ்சள் நிறக் கட்டைவிரல். அவ்வளவுதான்.

ஓடிப்போய் ஹமீதிடம் சொன்னாள். அவன் வண்டிக்காரனோடு ஐஸ் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், முடிஞ்சிருச்சு! உள்ள போயிருச்சு!"

"எது, கன்டெய்னரா? எந்தத் துறைமுகம்?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, சாப்டுட்டுச் சொல்லு. முழுசாக் கேக்குறேன்" என்றான். முழுசாகக் கேட்கவும் செய்தான். பாதிக்கு மேல் அவனுக்குப் புரியவில்லை. தவ்ஃபீக் பங்கு மட்டும் நன்றாகப் புரிந்தது. மச்சினனைப் போனில் ஒரு வாரத்துக்குக் கேலி செய்து தீர்த்தான்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேர் இருந்தார்கள். மாலதி ஆரம்பத்திலேயே சொன்னாள்: "எல்லாருக்கும் இன்ஸ்டால் ஆயிடுச்சு. ஒருத்தருக்கு மட்டும் அவங்க சைடுல ஒரு சின்ன ப்ராப்ளம். இப்ப ஓகே."

ஜுனைதா மைக்கைத் திறந்தாள்.

"கடிகாரம் என் பக்கத்துத் தப்புதாங்க. ஒத்துக்குறேன். ஆனா பாத்ல சேக்கணும்னு மெயில்ல இல்ல. திரைய மூடித் திறக்கணும்னு இல்ல. கான்ஃபிக் கோப்புக்கு வால் ஒட்டும்னு இல்ல. டோக்கன் கம்ப்யூட்டர் மணியப் பாக்கும்னு இல்ல. பத்து நிமிஷ வேலைன்னு மட்டும் இருக்கு. அதப் பாத்துட்டு, பத்து நிமிஷத்துல முடியலன்னா நான்தான் முட்டாளோன்னு ரெண்டு நாள் நினைச்சேன்."

பரமக்குடியிலிருந்து சேர்ந்திருந்த மாரீஸ்வரன், நேற்றுத்தான் கல்லூரி முடித்த மாதிரி இருக்கிறவன், தொண்டையைச் செருமினான்.

"மேடம், எனக்கும் அந்தப் பாத் பிரச்சனைல ஒன்றரை நாள் போச்சு. கேக்க வெக்கமா இருந்துச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன வரச்சொல்லி முடிச்சேன்."

இன்னொரு பெண் தனக்கும்தான் என்றாள். மாலதி, "சரிங்க ஜுனைதா. அப்ப அந்த டாக்குமென்ட்ட நீங்களே எழுதிருங்க. திங்கட்கிழமைக்குள்ள" என்றாள்.

வாயைத் திறந்ததற்குக் கூலி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எழுதினாள். பதினாலு படி. ஒவ்வொரு படிக்கும் கீழே, தப்பாகப் போனால் திரையில் என்ன வரும், ஏன் வரும், என்ன செய்ய வேண்டும். மாமியார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, லீவு நாளில் வேலை வாங்குகிற கம்பெனி நல்ல கம்பெனியாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி.

திங்கள் மத்தியானம் மாலதி அழைத்தாள். இந்த முறை வீடியோ இல்லை, சாதாரண போன்.

"படிச்சேங்க. நாலு வருஷமா அந்த மெயில அப்படியே ஃபார்வேர்ட் பண்ணிட்டு இருக்கேன். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அன்னைக்கு நானும் மூணு நாள் திண்டாடுனேன். அது எப்படி மறந்துச்சுன்னே தெரியலைங்க."

ஜுனைதா ஐந்து நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் நிறைய இருந்தன. வீட்டில் யாராவது டெக்னிக்கலாக இருக்கிறார்களா என்று கேட்டதற்குத் தனியாக ஒன்று இருந்தது.

"பரவால்லங்க" என்றாள்.

போனை வைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. என்ன பரவாயில்லை? எது பரவாயில்லை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நடுக்கூடத்தில் நின்றபடி தனக்குத்தானே இரண்டு திட்டுத் திட்டிக்கொண்டாள். பிறகு அந்த நாலு முறை விழுந்து எழுந்த பாட் நினைவுக்கு வந்தது. அது ஏன் விழுகிறது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.